கோபுரப் படம் போட்டால் மதுரை விளம்பரம் ஆகிவிடுமா?

கேள்வி: மதுரையில் மூன்று தலைமுறையாகச் சுங்குடிச் சேலைக் கடை நடத்துகிறோம். சித்திரைத் திருவிழாவை ஒட்டி, ஊரின் பெருமையைச் சொல்லும்படி நாளிதழில் நான்கு வாரம் கால்பக்க விளம்பரம் தர ஆசை. ஏஜென்ட் ஒருவர் கோபுரம், மல்லிகை, ஜிகர்தண்டா, ஜல்லிக்கட்டுக் காளை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு டிசைன் காட்டினார். கோபுரப் படம் இணையத்தில் எடுத்ததாம். பின்னால் சிக்கல் வருமா?

பதில்: வரும். கோபுரத்தை யாரும் படம் எடுக்கலாம். ஆனால் இன்னொருவர் எடுத்த படம் அவருடைய உழைப்பு, அவருடைய உரிமை. இணையத்தில் கிடக்கிறது என்பதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. வழக்கு வந்தால் நோட்டீஸ் முதலில் உங்கள் கடை முகவரிக்குத்தான் வரும். நல்ல புகைப்படக்காரர் ஒருவரை விடியற்காலையில் சித்திரை வீதியில் நிறுத்தி நீங்களே எடுக்கச் சொல்லுங்கள். பணம் கொடுத்து உங்களுக்காக எடுக்கச் சொன்ன படத்துக்கு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, முதல் உரிமையாளர் நீங்கள்தான்.

ஓர் இடத்தில் மட்டும் கவனம் தேவை. பலர் இதில்தான் சறுக்குகிறார்கள். கட்டடத்தையும், பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையையும் படம் எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. சுவர் ஓவியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. மேம்பாலத் தூணிலோ சுற்றுச்சுவரிலோ அழகர் ஆற்றில் இறங்கும் காட்சியை ஓர் ஓவியர் வரைந்திருந்தால், அது தெருவில் இருந்தாலும், ஊரே பார்த்தாலும், அரசுப் பணத்தில் வரைந்திருந்தாலும், அதை எடுத்து விளம்பரத்தில் போட அனுமதி வாங்க வேண்டும். பொதுவாக, ஓவியர் இறந்து 60 ஆண்டு வரை அந்த உரிமை நீடிக்கும். சிலைக்கு ஒரு நியாயம், ஓவியத்துக்கு ஒரு நியாயம் என்று கேட்பீர்கள். சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே சுவர் ஓவியத்தின் முன்னால் மாடலை நிறுத்திப் படம் எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள்.

டிசைன் விஷயம் வேறு. அது வரைந்து கொடுத்தவருடையது. எழுத்து மூலம் உரிமையை மாற்றி வாங்குங்கள். காலம் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆறாம் ஆண்டு சித்திரைக்கு உங்கள் சொந்த விளம்பரத்துக்கே மறுபடி பணம் கட்ட நேரும்.

படத்தைவிட எனக்குக் கவலை அந்த ஏஜென்ட்தான். அங்கீகாரம் பெற்ற விளம்பர நிறுவனங்களுக்குப் பத்திரிகைகளே வழக்கமாக 15 சதவீதம் கமிஷன் தருகின்றன. அதை உங்களிடம் சொல்லாமல், விலையிலும் கூட்டி, ‘சர்வீஸ்’ என்று தனியாகவும் வாங்குகிறவர்களை முப்பது ஆண்டுகளாகப் பார்த்துச் சலித்துவிட்டேன். கால்பக்கம் ஏறத்தாழ 400 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 50 ரூபாய் கூட்டிச் சொன்னாலும், நான்கு விளம்பரத்தில் 80,000 ரூபாய் போய்விடும். ரேட் கார்டு என்ற விலைப்பட்டியலில் ஒரு விலை, பேரத்தில் ஒரு விலை என்று பத்திரிகைகள் நடத்தும் வரை இந்தக் கொள்ளை நிற்காது. உண்மை விலையைப் பார்வையில் வைக்க ஏன் இவ்வளவு தயக்கம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. எந்த நாளில், எவ்வளவு இடம், என்ன விலை என்று ஏஜென்ட் பத்திரிகைக்கு எழுதி அனுப்பும் உத்தரவுக்கு ரிலீஸ் ஆர்டர் என்று பெயர்; அதன் நகலைக் கேளுங்கள். வரியையும் பாருங்கள்: அச்சு விளம்பர இடத்துக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், டிசைன் கட்டணத்துக்கு 18. மொத்தத்துக்கும் 18 போட்டு பில் வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

இனி டிசைனுக்கு வருவோம். கோபுரமும் காளையும் ஜிகர்தண்டாவும் சேர்ந்த படம் நகைக்கடைக்கும் பொருந்தும், பிரியாணிக் கடைக்கும் பொருந்தும். மதுரைக்காரர் ஊரை வீதி வீதியாகத்தான் மனத்தில் வைத்திருக்கிறார். ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக மாதப் பெயர்கள். உங்களிடம் நான்கு வாரம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு வீதி, ஒவ்வொரு வீதிக்கும் ஒரு சேலை. வெளியூர்க்காரருக்கு அது வெறும் பெயர். உள்ளூர்க்காரர் பக்கத்தைப் புரட்டாமல் நின்றுவிடுவார்.

அழகர் எந்தப் பட்டு உடுத்தி வைகையில் இறங்குகிறார் என்று ஊரே பார்க்கிறது. பச்சைப் பட்டு என்றால் நாடு செழிக்கும் என்ற நம்பிக்கை. துணிக்கடைக்கு இதைவிட நெருக்கமான திருவிழா எங்கே இருக்கிறது? ஆனால் நிறத்தை ஊகித்து முன்கூட்டியே அச்சிட்டுவிடாதீர்கள். அழகர் இறங்குவது விடியலில். பத்திரிகை அச்சாவது முந்தைய இரவில். அந்த விளம்பரத்தை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சேலையை முழுதாகக் காட்டவும் வேண்டாம். சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள் ஆயிரக்கணக்கான முடிச்சுகளைக் கையால் போட்டுச் சாயத்தில் நனைத்து அவிழ்த்து எடுக்கும் புள்ளிகள் அவை. செய்தித்தாள் மையை உறிஞ்சிப் பரப்பும். அடர்சிவப்புத் துணியின் சின்ன வெள்ளைப் புள்ளிகள் அடைந்துபோய்ச் சேலை வெறும் சிவப்புத் துணியாகிவிடும். ஓர் அங்குலத் துணியை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கி, முடிச்சு அவிழ்ந்த சுருக்கம் தெரியும்படி போடுங்கள். அதே காரணத்தால், கறுப்புப் பின்னணியில் சிறிய வெள்ளை எழுத்து வேண்டவே வேண்டாம். ‘சுங்குடி’யில் ‘ங்’ மேல் இருக்கும் புள்ளியை மை விழுங்கி, ‘சுஙகுடி’ என்று வருவதை நான் பார்த்திருக்கிறேன். எழுத்துருச் சிக்கல் வராமல் இருக்க, எழுத்துகளைக் கோட்டுருவமாக, அதாவது எழுத்துரு இல்லாத கணினியிலும் வடிவம் மாறாத படமாக, மாற்றிய பி.டி.எஃப். கோப்பையே பத்திரிகைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். தமிழ் எழுத்துருக்கள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் உடைகிற அவலம் இன்னும் தீரவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி. நீங்கள் விற்பது எல்லாமே கை முடிச்சுச் சுங்குடிதானா? மதுரைச் சுங்குடி 2005-லேயே புவிசார் குறியீடு பெற்றது. அச்சில் புள்ளி வைத்த துணியைக் கை முடிச்சுச் சுங்குடி என்ற பெயரில் விளம்பரம் செய்வது சட்டப்படி தவறு. நடவடிக்கை எடுக்க வேண்டியவர்கள் தூங்குகிறார்கள் என்பதற்காக அந்தப் பெயரைத் தொடாதீர்கள். இரண்டும் விற்றால், கை முடிச்சுக்கு ஒரு விலை, அச்சுப் புள்ளிக்கு ஒரு விலை என்று விளம்பரத்திலேயே பிரித்துப் போடுங்கள்.

ரிலீஸ் ஆர்டர் நகல் தர ஏஜென்ட் மறுத்தால், பத்திரிகையின் மதுரை அலுவலக விளம்பரப் பிரிவுக்கு நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள்.