கிளாஸ் ஜியில் முகிலுக்குள் பறக்கலாமா?

தம்பி, யாழ்ப்பாணத்தில் இருந்து விமானிப் பரீட்சைக்குப் படிப்பதாகவும், கிளாஸ் ஜி எனும் கட்டுப்பாடற்ற வான்வெளியில் கட்டுப்பாட்டாளரின் அனுமதி (கிளியரன்ஸ்) எடுக்காமல் கருவிகளை நம்பி முகிலுக்குள் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் வான்வெளி வகுப்புப்படி அங்கே ஐஎஃப்ஆர், அதாவது கருவிகளை நம்பிய பறப்புக்கு இடம் உண்டு. கேட்டால் தகவல் சேவையும் கிடைக்கும். ஆனால் உங்களை மற்ற விமானங்களிடமிருந்து பிரித்து வைக்க ஒருவரும் இல்லை.

எனக்குப் பயம் அதில்தான். கடல்மட்டத்திலிருந்து 3,000 அடிக்குக் கீழே கண்பார்வையில் பறப்பவர், தரையும் 5 கிலோமீற்றர் தூரமும் தெரிந்தால் போதும், முகிலின் விளிம்பை ஒட்டியே போகலாம். விதி அவரைத் தடுக்காது. நீங்கள் வெள்ளைக்குள் இருந்து வெளியே வரும் நொடியில் அவர் நேர் முன்னால் இருப்பார். தன் இருப்பை வானொலியில் அறிவிக்கும் ட்ரான்ஸ்பொண்டர் கருவி அவரிடம் இல்லையென்றால் உங்கள் திரையிலும் தெரியமாட்டார்.

உயரத்தையும் பாருங்கள். 8 கிலோமீற்றருக்குள் உள்ள அதியுயர் தடைக்கு மேல் 1,000 அடி, மலைப்பகுதியில் 2,000 அடி வேண்டும். குடாநாடு தட்டை, பிரச்சினை இல்லை. மலைநாட்டுப் பக்கம் திரும்பினால் இலங்கையின் அதியுயர் மலையான பிதுருதலாகலையே 8,281 அடி. கூட்டினால் 10,000 தாண்டிவிடும். சின்ன விமானம் ஏறத் திணறும், ஒக்சிசனும் யோசிக்க வேண்டும்.

சரி, போய்ச் சேர்ந்தாலும் இறங்க வேண்டுமே. கருவிகளை நம்பி இறங்குவதற்கான பாதை (அணுகுமுறை) அதிகாரபூர்வமாகப் பிரசுரிக்கப்படாத ஓடுபாதைக்கு ஜிபிஎஸ்ஸில் சொந்தக் கோடு போட்டு முகிலுக்குள்ளால் இறங்கவே வேண்டாம். கார்த்திகை மழைக்காலத்தில் இடிமுகில் மற்ற முகிலுக்குள் ஒளிந்து நிற்கும், வானிலை ரேடார் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். நாட்டுக்கு நாடு விதி மாறும், பாதை போடும் முன் ஏஐபியை, அதாவது அந்த நாட்டின் அதிகாரபூர்வ வான்பறப்புத் தகவல் நூலைத் திறந்து பாருங்கள்.