கதை வருகிறது, வாசிப்பு வரவில்லை

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு எட்டு வயது. நான் வாசித்துக் காட்டும் கதையை ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்வான். அவனே வாசித்தால் ‘மரம்’ ‘மனம்’ ஆகிவிடுகிறது, ஒரு வரி தாண்டுவதற்குள் முகமெல்லாம் வியர்த்துவிடும். ஆசிரியர் சோம்பேறித்தனம் என்கிறார். கண்ணில் கோளாறு இல்லை. போகப்போகச் சரியாகிவிடும் என்கிறார்கள் வீட்டில். காத்திருக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

காத்திருக்க வேண்டாம். ஒரு வரிக்கே வியர்க்கிற பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்வதைக் கேட்க எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தச் சொல் இனி அவன் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. வாசிப்பில் பின்தங்கிய பத்து வயதுப் பிள்ளைகளை, அதே அளவுக்கு வாசிக்கத் தெரிந்த, ஆனால் வயதில் ரொம்பச் சின்னப் பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். நாலு சொல்லை வாயால் சொல்லி எது சேராதது என்று கேட்பதுதான் சோதனை, நம் மொழியில் ‘கண், மண், பெண், பல்’ என்பது மாதிரி. பத்து வயதுப் பிள்ளைகள்தான் அதிகம் தடுமாறினார்கள். வாசித்துப் பழகாததுதான் காரணம் என்றால் சின்னவர்களும் அதே அளவு தடுமாறியிருக்க வேண்டும், இல்லையா? எழுத்தையே காட்டாத சோதனை அது. சிக்கல், சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துக் கேட்பதில்.

இதைப் பயிற்சியால் மாற்ற முடியும். ஒலிகளைப் பிரிப்பதில் பின்தங்கிய 65 சிறுவர்களை பிராட்லியும் பிரையன்டுமே நாலு குழுவாக்கி, பயிற்சி பெற்றவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 40 வகுப்புகள் நடத்தினார்கள். ஒலியோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையில் வைத்துப் பழகிய குழு வாசிப்பில் முந்தியது. 1983இல் வந்த முடிவு இது.

நீங்களும் அட்டையில் எழுத்துகளை வெட்டிக்கொள்ளுங்கள். ‘கண்’ என்று வையுங்கள். ‘ண்’ இருந்த இடத்திலேயே இருக்கட்டும், ‘க’வை மட்டும் எடுத்துவிட்டு ‘ம’வை அவனையே வைக்கச் சொல்லி, என்ன சொல் என்று கேளுங்கள். தினம் பத்து நிமிடம் போதும், அவன் சலித்துக்கொண்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

அப்புறம், கண்ணைப் பார்த்த மாதிரி காதையும் பரிசோதித்துவிடுங்கள். குழந்தை உளவியலாளரிடமோ சிறப்புக் கல்வி ஆசிரியரிடமோ முறையான மதிப்பீடும் செய்யுங்கள். இது டிஸ்லெக்ஸியாவா, அதாவது வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடா என்று நானோ நீங்களோ கடிதத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தப் பெயர் வரும்வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

கதை வாசித்துக் காட்டுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இப்போதைக்குப் புதுச் சொற்கள் அவனுக்கு அந்த வழியாகத்தான் வருகின்றன.