கேளுங்க டீச்சர்: 7 கிலோ லக்கேஜும் 40 பிள்ளைங்களும்

கேள்வி: வணக்கம் டீச்சர். டிகிரி முடிச்சிட்டு, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு ஆறு மாசம் கம்போடியாவுல பாட்டம்பாங் பக்கம் ஒரு கிராமத்து ஸ்கூல்ல இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கப் போறேன். சம்பளம் இல்ல, சாப்பாடும் தங்க இடமும் மட்டும்தான். ஒரு கிளாஸ்ல 40 பிள்ளைங்களாம், ப்ரொஜெக்டர்லாம் கிடையாதாம். 300 ஃப்ளாஷ் கார்டு டவுன்லோட் பண்ணி வச்சிருக்கேன், எல்லாமே ஏ4 சைஸ். கடையில லாமினேட் பண்ண ஷீட்டுக்கு 2 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கேக்குறாங்க. மொத்தமா பண்ணிடலாமா?
– வாசகி, செந்தூல்

பதில்: வேணாம்மா, கொஞ்சம் பொறு. 300 ஷீட்டுக்கு 600 வெள்ளி ஆகுது, சம்பளமே இல்லாத வேலைக்கு அது பெரிய காசு. காசை விடு, வெயிட்டைப் பாரு. ஒரு ஏ4 தாளே 5 கிராம், ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஏறினா 15லேர்ந்து 20 கிராம் வரும், 300 ஷீட்டுன்னா நாலரைலேர்ந்து 6 கிலோ. ஏர் ஏசியாவுல கையில கொண்டு போக விடுறதே 7 கிலோதான், அப்புறம் துணிமணிய எங்க வைப்ப?

நானும் இதே தப்பைப் பண்ணினவதான், அதனாலதான் இவ்ளோ உறுதியா சொல்றேன். ரிட்டையர் ஆன கையோட நானும் அந்தப் பக்கம் ஒரு வருஷம் போயிருந்தேன், போறப்ப 180 கார்டு, வீட்டு டைனிங் டேபிள்ல உக்காந்து ராத்திரி ராத்திரியா வெட்டினது. அதுல பனி பொம்மை இருக்கு, கோட்டை இருக்கு, டோஸ்டர் இருக்கு. அந்தப் பிள்ளைங்க டோஸ்டரை எங்க பாத்துச்சுங்க? அதை என்னன்னு விளக்கவே பாதி கிளாஸ் போயிடுச்சு. அதோட நான் முதல்ல லாமினேட் பண்ணிட்டு அப்புறம் கார்டை வெட்டினேன் பாரு, ஓரமெல்லாம் திறந்து போய், மழைக்காலம் வந்ததும் ஈரம் உள்ள ஏறி கார்டெல்லாம் கறுப்பு கறுப்பா பூத்துப்போச்சு. முதல்ல தாளை வெட்டிக்கிட்டு, பிளாஸ்டிக் உறைக்குள்ள இடைவெளி விட்டு அடுக்கி லாமினேட் பண்ணி, சுத்தி அரை சென்டிமீட்டர் பிளாஸ்டிக் மிஞ்சுற மாதிரி வெட்டணும், முனையை வட்டமா வெட்டணும், இல்லன்னா பிள்ளைங்க கையைக் குத்தும். அப்பவும் நான் 30 கார்டுக்கு மேல பண்ண மாட்டேன்.

அந்த வருஷம் எனக்குப் புரிஞ்ச விஷயம் இதுதான்: படம் போட்ட கார்டு ஒரு வேலைதான் செய்யும், வெத்தாக் கிடக்குற பலகை நூறு வேலை செய்யும். நம்ம பாட்டி காலத்து சிலேட்டு அதானே, எழுது, கோவை இலைய வச்சு அழி, திரும்ப எழுது. அதுக்கும் முந்தி மணல். மெட்ராஸ்ல அனாதைப் பிள்ளைங்க ஸ்கூலைப் பாத்துக்கிட்டிருந்த ஆண்ட்ரூ பெல்ன்னு ஒரு ஸ்காட்லாந்து பாதிரியார், நம்ம ஊர்ப் பிள்ளைங்க மணல்ல விரலால எழுதிப் படிக்கிறதப் பாத்து அதையே தன் ஸ்கூல்லயும் கொண்டு வந்து, 1797ல லண்டன்ல அதப் பத்தி புத்தகமே போட்டாரு, பெரிய பிள்ளைங்க சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குற அவரோட மெட்ராஸ் முறையில இந்த மணல் எழுத்தும் ஒரு பங்கு. இங்கிலீஷ்காரங்களுக்கே நம்ம கிட்டேர்ந்து போன ஐடியாம்மா, நீ இங்கிலீஷ் சொல்லிக் குடுக்க எடுத்துட்டுப் போறதுல என்ன தப்பு.

இப்ப சிலேட்டுக்குப் பதிலா என்ன பண்ணலாம்னா, ஃபைல்ல போடுற டிரான்ஸ்பரன்ட் பிளாஸ்டிக் உறை இருக்குல்ல, அதுக்குள்ள வெள்ளை மணிலா கார்டை (கெட்டி அட்டை) வெட்டிச் சொருகிடு, மேல வைட்போர்டு மார்க்கர்ல எழுதலாம், பழைய ஸ்டாக்கிங்ஸால அழிக்கலாம். 20 போதும், ரெண்டு பேருக்கு ஒண்ணு. நீ கேள்வி கேட்டதும் எல்லாரும் எழுதி ஒரே நேரத்துல தூக்கிக் காட்டுவாங்க, யாருக்குப் புரியலன்னு ஒரே பார்வையில தெரிஞ்சிடும், 40 பேர் கிளாஸ்ல இது எவ்ளோ பெரிய விஷயம்னு முதல் வாரத்துலயே தெரிஞ்சுக்குவ. உள்ள இருக்குற தாளை மாத்தினா கோடு போட்ட நோட்டு, கட்டம் போட்ட பிங்கோ, மேப், எது வேணும்னாலும் ஆயிடும். ஒரே செலவு மார்க்கர்தான், மூடிய மறந்தா ஒரே நாள்ல காஞ்சிடும், அதனால மை ஊத்தி நிரப்புற மார்க்கரா வாங்கு.

அடுத்தது அரிசி சாக்கு. இதுக்கு நான் தனியா கும்பிடு போடுவேன். வெள்ளை பிளாஸ்டிக் இழையில நெய்த சாக்கு, தையலைப் பிரிச்சு விரிச்சா உள்பக்கம் வெள்ளையா பெரிய சார்ட். மஹ்ஜோங் பேப்பர், அதான் நம்ம ஸ்கூல்ல சார்ட் போடுற மெல்லிசு பெரிய தாள், ரெண்டு நாள்ல கிழிஞ்சிடும், சாக்கு கிழியாது, நனைஞ்சாலும் துடைச்சுக்கலாம், மேல ஒரு குச்சிய வச்சுத் தைச்சா பாய் மாதிரி சுருட்டி தோள்ல போட்டுக்கிட்டுப் போயிடலாம். பர்மனன்ட் மார்க்கர்ல அவங்க ஊர் சந்தைய வரை, மீன்காரம்மா, மோட்டார், நாய், ஒரு பனைமரம், ஆனா ஒரு எழுத்து கூட எழுதாத! எழுதாம விட்டாத்தான் இன்னிக்கி எது எங்க இருக்குன்னு கேக்கலாம், நாளைக்கி விலை பேசலாம், அடுத்த வாரம் நேத்து இங்க என்ன நடந்துச்சுன்னு கதை சொல்ல வைக்கலாம். பனைமரம் சும்மா சொல்லல, கம்போடியாவோட தேசிய மரமே அதுதான், ஆப்பிள் மரத்த வரையிறத விட அதுல நூறு பேச்சு வரும்.

பாட்டில் மூடி சேர்த்து இங்கிலீஷ் எழுத்து எழுதிக்கோ. சின்ன எழுத்தா (ஸ்மால் லெட்டர்) எழுது, புத்தகத்துல பாதிக்கு மேல அதுதானே வருது. மூடி வட்டம்கறதால திரும்பிடும், n வந்து u ஆயிடும், d வந்து p ஆயிடும், அதனால ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒரு கோடு கட்டாயம். இங்கிலீஷ்ல ரொம்ப வர்ற எழுத்து இ (e), அதை மட்டும் பத்துப் பதினஞ்சு மூடியில எழுது.

துணி கிளிப் மறந்துடாத. கெமேர் பாஷையில வினைச்சொல் உருவம் மாறாது, நேத்துன்னாலும் நாளைக்குன்னாலும் அதே சொல், பன்மைக்கும் வால் கிடையாது. அதனால அந்தப் பிள்ளைங்க சொல் கடைசியில வர்ற எஸ் (s), இடி (ed) எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் பேசும், அது சோம்பேறித்தனம் இல்ல. நம்ம மலாய்ல புத்தகங்கள்னு சொல்ல புக்கு-புக்குன்னு ரெண்டு தடவ சொல்றோம்ல, அந்த மாதிரி ஒவ்வொரு பாஷைக்கும் ஒரு வழி. கிளிப்ல எஸ், இடி, ஐஎன்ஜி (ing) எழுதி வார்த்தை அட்டையோட வாலுல மாட்ட விடு. 'ரன்' (run) கூட ஐஎன்ஜி மாட்டுறப்ப நடுவுல இன்னொரு என் (n) கிளிப் வேணும்னு அதுங்களே கண்டுபிடிச்சுக் கத்தும் பாரு, அந்த சத்தத்துக்காகவே ஒரு தடவ போய்ட்டு வரலாம்.

இன்னொண்ணு, இதையெல்லாம் இங்க செஞ்சு தூக்கிட்டுப் போகாத. அங்க போய், அந்த ஊர் டீச்சரையும் பெரிய பிள்ளைங்களையும் வச்சு செய். நீ கிளம்பினதும் பிஞ்சுபோனா அவங்களே திரும்ப செஞ்சுக்கணும்ல. மலாவியில கையில கிடைக்கிறத வச்சே பாடம் நடத்துற இந்த வழிக்கு டாலுலார்னு பேரே இருக்கு. இங்கேர்ந்து நல்ல மார்க்கர், பிளாஸ்டிக் உறை, அப்புறம் உன் வீட்டு போட்டோ, மாமாக் கடை (நம்ம ஊர் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) மெனு, நம்ம சில்லறைக் காசு, இவ்ளோ போதும். ரொட்டி சானாய் எத்தன காசுன்னு ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் ஓடும். கத்தரிக்கோல கைப்பையில மட்டும் வைக்காத.

கேள்வி: டியூஷன் பிள்ளைங்களுக்கு லாமினேட் பண்ணின கார்டுல எழுத விட்டேன் டீச்சர், மார்க்கர் அழியவே மாட்டேங்குது.
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: எவனோ பர்மனன்ட் மார்க்கரால எழுதியிருப்பான். அதுக்கு மேலயே வைட்போர்டு மார்க்கரால பூசி, காயிறதுக்குள்ள துடைங்க சார், வந்துடும். இல்லன்னா ஹேண்ட் சானிடைசர். கார்டுக்குப் படம் வேணும்னா பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மாடியில பழைய புத்தகக் கடைங்கள்ல குழந்தைங்க படப் புத்தகம் தேடுங்க, ப்ரிண்டர் மைக்கு குடுக்குற காசு மிச்சமாகும்.

கேள்வி: உங்க பதிலப் படிச்சுப் படிச்சு என் மனைவி வீட்ட குப்பைத் தொட்டியாக்கிட்டா. மைலோ டின், மூடி, அட்டைப்பெட்டின்னு அடுப்படியில நிக்க இடம் இல்ல.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: டின்னையும் அட்டைப்பெட்டியையும் தூக்கிப் போட்டுடுங்கண்ணே, நான் சொன்னேன்னு சொல்லுங்க. மூடிய மட்டும் கழுவி செந்தூல் தங்கச்சிக்காக எடுத்து வைங்க, இ எழுதவே அதுக்குப் பத்தாது.