அழைப்பிதழில் 'கேப்டன்' இரண்டு முறை வருகிறதே, என்ன செய்வது?

வணக்கம் தம்பி. மாப்பிள்ளை தரைப்படையில் கேப்டன், பெண்ணின் அப்பா கடற்படையில் ஓய்வுபெற்ற கேப்டன், இரண்டும் ஒரே பதவியா என்று நாகர்கோவிலில் அச்சகத்துக்காரர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள்.

ஒன்றல்ல. தரைப்படையில் கேப்டன் என்பது மேஜருக்குக் கீழே உள்ள அதிகாரி, தோளில் மூன்று நட்சத்திரம். கடற்படை கேப்டனோ தரைப்படையின் கர்னலுக்குச் சமம். மாப்பிள்ளைக்கு நிகரானவர் அங்கே லெப்டினன்ட். அதனால் வெறும் 'கேப்டன்' என்று போட்டால் பெண்ணின் அப்பாவுடைய பதவி பல படி குறைந்துவிடும். அவர் மனம் நோகாமல் இருக்க, இருவருக்கும் படையின் பெயரைச் சேர்த்தே அச்சிடுங்கள். அவர் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'ஓய்வு' என்றும் போடுங்கள், அதுதான் முறை.

குழப்பத்துக்குக் காரணம், அந்தச் சொல்லுக்கு அடியில் 'தலைவன்' என்ற பொருள்தான் இருக்கிறது. கப்பலுக்குத் தலைவனும் கேப்டன், தரைப்படையில் 'கம்பெனி' எனப்படும் சிறு பிரிவுக்குத் தலைவனும் கேப்டன். நம் ஊரிலேயே பாருங்கள், 1741 குளச்சல் போருக்குப் பின் திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுத்த, முன்பு டச்சுப் படையில் இருந்த டிலனாயை 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய கேப்டன், என்றார்கள். அது முழுப் படைக்கும் தலைவர் என்ற பொருளில். அவர் கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அப்புறம், அச்சுக்குக் கொடுக்கும் முன் சம்பந்தியிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.