பள்ளிக்கு வரும் பல் மருத்துவ வேன்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. அவள் பள்ளிக்கு இலவச நடமாடும் பல் மருத்துவ வேன் வரப்போகிறது. பரிசோதனை, ஃபுளோரைடு பூச்சு, சீலன்ட், தேவைப்பட்டால் வெள்ளி கலந்த ஒரு மருந்து என்று அச்சடித்து, பெற்றோரின் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு இரண்டு கடைவாய்ப் பற்களில் சொத்தை உண்டு, வலி இல்லை. விழப்போகும் பால்பல்லுக்கு இவ்வளவு வைத்தியம் தேவையா? வேனுக்குள் சுத்தமாகச் செய்வார்களா? நான் கூட இருக்க முடியாதே என்பதும் உறுத்துகிறது.

பதில்: கையெழுத்துப் போடுங்கள். அதற்கு முன் இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். மகளை வெளிச்சத்தில் உட்காரவைத்து, முன்பற்களின் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாகப் பின்னோக்கி எண்ணுங்கள். விழுந்த பல்லின் இடைவெளியையும் ஒன்றாகக் கணக்கில் சேருங்கள். ஐந்து வரைக்கும் பால்பற்களின் இடம். ஆறாவதாக ஒன்று இருந்தால் அது நிரந்தரப் பல். ஆயுள் முழுக்க அவளோடு இருக்க வேண்டியது.

சுமார் 6 வயதில் இந்தப் பல் முளைக்கிறது. இதற்காக எந்தப் பால்பல்லும் விழுவதில்லை. கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்கும். அதனால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. சொத்தையோடு வரும் பெற்றோரிடம் "இது விழாத பல்" என்று சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உங்கள் மகளின் சொத்தை ஐந்தாவது பல்லிலா ஆறாவதிலா என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம்.

புதிதாக முளைத்த கடைவாய்ப் பல்லின் மேல்பரப்பில் பிரஷ்ஷின் இழைகூட நுழைய முடியாத குறுகிய பள்ளங்கள் இருக்கும். பல் முழு உயரத்துக்கு வந்துசேரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்தே இருப்பதால் பிரஷ் அதைத் தொடாமலே தாண்டிப் போகும். சீலன்ட் இந்தப் பள்ளங்களை மூடும் பூச்சு. துளைப்பதில்லை, ஊசி இல்லை. பல்லைச் சுத்தம் செய்து, அமில ஜெல்லைச் சில விநாடிகள் தடவிக் கழுவி, உலர்த்தி, திரவத்தை ஓடவிட்டு நீல ஒளியில் இறுகவைப்பார்கள். எச்சில் படாமல் இருந்தால்தான் ஒட்டும். குழந்தை அசைந்துகொண்டே இருந்தால் ஈரத்தைச் சற்றுத் தாங்கும் கிளாஸ் அயனோமர் வகையைப் பயன்படுத்துவார்கள். கடைவாய்ப் பற்களில் வரும் சொத்தையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை சீலன்ட் இரண்டு ஆண்டுகளுக்குத் தடுக்கிறது. ஆனால் பெயர்ந்து விழக்கூடியது. மறுபடி பார்க்க வேண்டும்.

பால்பல்லையும் ஒதுக்கிவிடாதீர்கள். பின்பக்கப் பால்பற்கள் 10 முதல் 12 வயதுவரை இருக்கும். இன்னும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் மெல்ல வேண்டிய பல் அது. சீழ் பிடித்துச் சீக்கிரமே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, அடியில் காத்திருக்கும் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வெள்ளி மருந்து என்பது சில்வர் டயமைன் ஃபுளோரைடு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. ஒரு துளியைச் சொத்தையில் தடவினால் கிருமிகள் செத்து, மெத்தென்றிருந்த இடம் கெட்டியாகும். கூடவே நிரந்தரமாகக் கறுத்துவிடும். இதை முன்கூட்டிச் சொல்லாததால் வரும் சண்டைகள் கொஞ்சமல்ல. பின்பற்களில் கருமை பெரிதாகத் தெரியாது, ஒப்புக்கொள்ளலாம். முன்பல்லுக்கு வேண்டாம் என்று நினைத்தால் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலியோ ஈறில் கொப்புளமோ இருந்தால் இந்த மருந்து போதாது.

ஃபுளோரைடு பூச்சு (வார்னிஷ்) எளிமையானது. பற்பசையைவிடப் பல மடங்கு அடர்த்தி என்றாலும் தடவுவது சில துளிகள்தான். எச்சில் பட்டதும் பல்லில் ஒட்டிக்கொள்ளும். அன்று பல் மஞ்சளாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். கடினமான உணவு வேண்டாம், மறுநாள் காலை பல் தேய்த்தால் போதும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது போட்டால்தான் பலன். வெள்ளி ஒவ்வாமை, பிசின் ஒவ்வாமை, கடுமையான ஆஸ்துமா, இதய நோய் ஏதேனும் இருந்தால் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

சுத்தத்துக்கும் அறையின் அளவுக்கும் சம்பந்தமில்லை. ஒழுங்கான வேனில் தண்ணீர்த் தொட்டியும், நீராவியால் கருவிகளின் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவும் இருக்கும். 121 டிகிரி நீராவியில் 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் 3 நிமிடம் கருவிகளை வைத்தால் மருத்துவமனையில் கிடைக்கும் அதே சுத்தம்தான். ஒவ்வொரு குழந்தைக்கும் புதுக் கையுறையா, கருவி உறையை அங்கேயே பிரிக்கிறார்களா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

வேன்கள்மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எத்தனை குழந்தைகளைப் பார்த்தோம் என்று கணக்கு எழுதுகிறோம். மேல்சிகிச்சைக்கு அனுப்பியவர்களில் எத்தனை பேர் உண்மையில் போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. வேர்ச் சிகிச்சை போன்றவை பெரும்பாலும் வேனில் நடக்காது. "மருத்துவமனைக்குச் செல்லவும்" என்ற சீட்டு புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். அன்று மாலையே பையைத் துழாவிப் பாருங்கள். வேன் மறுபடி எப்போது வரும், இடையில் வலித்தால் யாரை அழைப்பது என்பதையும் பள்ளியில் கேட்டு வையுங்கள்.

கடைசியாக, கூட இருக்க முடியாத கவலை. "ஊசி போடமாட்டாங்க, பயப்படாதே" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அதுவரை அவள் ஊசியை நினைத்தே இருக்கமாட்டாள். டாக்டர் உன் பல்லை எண்ணுவார் என்று சொல்லுங்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்குவோம். வீட்டில் நீங்கள் எண்ணிய கணக்கும் வேனில் எண்ணிய கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவரச் சொன்னால், அவளாகவே வாயைத் திறப்பாள்.