விண்டோஸ் 11-க்கு மாறியதும் கிராபிக்ஸ் கார்டு செத்துவிட்டதா?

கேள்வி: என் டெஸ்க்டாப்பில் என்விடியா ஜிடிஎக்ஸ் 1060 கார்டு இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததால் விண்டோஸ் 11-க்கு மாற்றினேன். அன்றிலிருந்து திரையில் எழுத்தும் ஐகானும் பெரிது பெரிதாகத் தெரிகின்றன, ரெசல்யூஷனை மாற்ற முடியவில்லை. என்விடியா தளத்தில் இருந்த ஆகப் புதிய டிரைவரை இறக்கிப் போட்டால், பொருத்தமான கிராபிக்ஸ் ஹார்டுவேர் கிடைக்கவில்லை என்று பாதியில் நின்றுவிடுகிறது. சர்வீஸ் செய்பவர் “கார்டு போச்சு, புதுசு வாங்குங்க” என்கிறார். இன்னொருவர் டிரைவர் அப்டேட்டர் மென்பொருளுக்குச் சந்தா கட்டச் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் கார்டு நன்றாகவே இருக்கிறது. தவறான டிரைவரை அதன் தலையில் கட்டப் பார்த்திருக்கிறீர்கள், அது மறுத்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

டிரைவர் என்பது விண்டோஸையும் கார்டையும் பேசவைக்கும் மென்பொருள். அதன் கோப்புக்குள் எந்தெந்தக் கார்டுகளுக்கு அது பொருந்தும் என்று ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலில் உங்கள் கார்டின் அடையாள எண் இல்லாவிட்டால், கார்டு கண்ணெதிரே சுழன்றுகொண்டிருந்தாலும் “அப்படி ஒன்றும் இல்லை” என்று இன்ஸ்டாலர் சொல்லிவிடும். ஜிடிஎக்ஸ் 1060 வெளிவந்தது 2016-ல். அதற்கான கடைசி டிரைவர் வரிசை 580. விளையாட்டுகளுக்காக அடிக்கடி வரும் டிரைவர்கள் 2025 அக்டோபரோடு இந்தக் கார்டுகளுக்கு நின்றுவிட்டன. 590-ல் தொடங்கும் அடுத்த வரிசையில் ஜிடிஎக்ஸ் 900, ஜிடிஎக்ஸ் 10 குடும்பங்கள் இரண்டுமே இல்லை. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் 580 வரிசையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா அறிவித்திருக்கிறது. ஆகவே டிரைவர் இல்லை என்பதற்காக இப்போதே புதுக் கார்டு வாங்க வேண்டிய அவசியம் இல்லை. விண்டோஸ் 11-க்கு இந்தக் கார்டு ஒத்துவராது என்பதும் பொய். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் என்விடியா தருவது ஒரே டிரைவர் கோப்புதான். “விண்டோஸ் 11-க்கான ஸ்பெஷல் டிரைவர் எங்களிடம் இருக்கிறது” என்று யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

முதலில் கார்டு உயிரோடு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கணினியை ஆன் செய்து பயாஸ் திரைக்குள், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள் போங்கள். அங்கே கோடுகளோ, வண்ணக் கட்டங்களோ, சிதறிய எழுத்துகளோ தெரிந்தால் பழுது கார்டில்தான். விண்டோஸே இன்னும் தொடங்காத இடம் அது, டிரைவர் மேல் பழி போட முடியாது. படம் சுத்தமாக இருந்தால் அடுத்த படி. ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் பிரிவைப் பாருங்கள். அங்கே “மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்” என்று இருக்கும். சரியான டிரைவர் கிடைக்காதபோது விண்டோஸ் தற்காலிகமாக ஒட்டவைக்கும் பொது டிரைவர் அது. ரெசல்யூஷனை மாற்ற விடாது, இரண்டாவது மானிட்டரை ஏற்காது. அதன் மேல் இருமுறை கிளிக் செய்து, டீட்டெயில்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடிகளைத் தேர்ந்தெடுங்கள். வரும் நீளமான வரியில் 10டிஇ (10DE) என்று இருந்தால் அது என்விடியா. 1002 என்றால் ஏஎம்டி. 8086 என்றால் இன்டெல். 10டிஇ தெரிந்தால் கணினி உங்கள் கார்டைப் பார்த்துவிட்டது என்று பொருள். பின்னால் வரும் எண் 1சி03 (1C03) என்றால் 6 ஜிபி மாடல், 1சி02 (1C02) என்றால் 3 ஜிபி மாடல்.

8086 மட்டும்தான் தெரிகிறது என்றால் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். தூசு தட்டிவிட்டுத் திரும்ப மாட்டும்போது கார்டில் செருக வேண்டியதை மதர்போர்டில் செருகிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும். கார்டுக்குத் தனியாக வரும் 6 பின் மின் கேபிள் இறுக்கமாக இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

டிவைஸ் மேனேஜரில் திறந்த அதே ஜன்னலில் “அப்டேட் டிரைவர்” என்று ஒரு பொத்தான் உண்டு. அதை நம்பாதீர்கள். பொது டிரைவரில் கணினி நொண்டிக்கொண்டிருக்கும்போதும், உங்களுக்கான சிறந்த டிரைவர் ஏற்கனவே இருக்கிறது என்று அது பதில் சொல்லும். இத்தனை ஆண்டுகளில் இந்தப் பதிலையாவது திருத்தியிருக்கலாம்.

செலவே இல்லாத வழி ஒன்று விண்டோஸ் அப்டேட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று போங்கள். டிரைவர் அப்டேட்ஸ் பட்டியலில் என்விடியா டிஸ்ப்ளே என்று ஏதாவது இருந்தால் டிக் செய்து போட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பல பேருக்கு வேலை இதோடு முடிந்துவிடும். “ஃபார்மட் செய்தால் சரியாகும்” என்று சொல்பவர்களின் கைராசியில் பாதி இதுதான். ஃபார்மட் செய்த பிறகு விண்டோஸ் அப்டேட் தானாகவே பழைய, பொருத்தமான டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடுகிறது. பெயர் ஃபார்மட்டுக்கு, போனது உங்கள் கோப்புகள்.

அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் கையால் செய்யலாம். என்விடியா தளத்தின் டிரைவர் பக்கத்தில் முதலில் கண்ணில் படுவதை எடுக்காதீர்கள். கையால் தேடும் பகுதியில் ஜிஃபோர்ஸ், ஜிஃபோர்ஸ் 10 சீரிஸ், ஜிடிஎக்ஸ் 1060, விண்டோஸ் 11 என்று வரிசையாகத் தேர்ந்தெடுங்கள். “10 சீரிஸ் நோட்புக்ஸ்” என்று பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும், அது லேப்டாப்புக்கானது. வரும் எண் 580, 581, 582 என்று 58-ல் தொடங்க வேண்டும். கோப்பின் பெயரில் டெஸ்க்டாப் என்ற சொல் இருக்க வேண்டும். இறங்கியதும் அதன் மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ். கையெழுத்திட்டவர் என்விடியா கார்ப்பரேஷன் என்று இருந்தால் மட்டும் திறங்கள்.

இனி வரிசை முக்கியம். ஸ்டார்ட் தேடலில் “டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்” என்று தட்டி, வரும் கேள்விக்கு ‘நோ’ கொடுங்கள். விண்டோஸ் அப்டேட்டைச் சில நாட்களுக்கு பாஸ் (Pause) செய்யுங்கள். 5 வாரம் வரை நிறுத்திவைக்க முடியும். பிறகு இணையத்தைத் துண்டியுங்கள். வைஃபை என்றால் அணைக்க வேண்டும், கேபிள் என்றால் பிடுங்க வேண்டும். இதை விட்டுவிடுபவர்கள்தான் “மூன்று முறை போட்டும் நிற்கவில்லை” என்கிறார்கள். நீங்கள் ஒரு பக்கம் டிரைவர் போடும்போது விண்டோஸ் பின்வாசல் வழியாக இன்னொன்றைப் போட்டுக்கொண்டிருக்கும், இரண்டும் மோதிக்கொள்ளும்.

இப்போது இறக்கிய கோப்பை இயக்குங்கள். எக்ஸ்பிரஸ் வேண்டாம், கஸ்டம் தேர்ந்தெடுத்து, கிளீன் இன்ஸ்டலேஷன் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். திரை சில நொடிகள் கருத்து மீளும், பதறி பவர் பட்டனை அமுக்காதீர்கள். முடிந்ததும் ரீஸ்டார்ட், அதன் பிறகே இணையம். டிவைஸ் மேனேஜரில் டிரைவர் பதிப்பைப் பார்த்தால் 32.0.15.8157 என்பது போல ஒரு எண் இருக்கும். அதன் கடைசி ஐந்து இலக்கங்கள்தான் என்விடியாவின் கணக்கு. இந்த எடுத்துக்காட்டில் அது 581.57. சில நாள் கழித்துத் திரும்பவும் எண்ணைப் பாருங்கள். மாறியிருந்தால் விண்டோஸ் அப்டேட்டின் வேலை. விண்டோஸ் டிரைவரைத் தேர்ந்தெடுக்கும்போது கணினியின் அடையாளத்தோடு எது அதிகம் பொருந்துகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கும், தேதியும் பதிப்பு எண்ணும் அதற்குப் பிறகுதான். நீங்கள் போட்ட புதியதைத் தூக்கிவிட்டு ஒரு பழையதை அது உட்காரவைப்பது அதனால்தான். உங்களிடம் கேட்கவும் கேட்காது.

டிடியூ (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) என்ற துப்புரவு மென்பொருளை எடுத்த எடுப்பில் பரிந்துரைக்கிறார்கள். நல்ல கருவிதான், இலவசம், பழைய டிரைவரை வேரோடு பிடுங்கும். ஆனால் கிளீன் இன்ஸ்டலேஷன் தோற்ற பிறகுதான் அதன் முறை. அதைச் சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் விண்டோஸில் இயக்க வேண்டும். ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் நீலத் திரை வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு எண் 4. அங்கே போகும் முன் ஒரு காரியம்: டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருந்தால் இந்த வழியில் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கலாம். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது பதிவாகியிருக்கும். முன்கூட்டியே வேறு இடத்தில் எழுதிவையுங்கள். கீ இல்லாமல் அந்தத் திரையில் மாட்டிக்கொண்டால், கிராபிக்ஸ் கார்டு பிரச்சினை எவ்வளவோ மேல் என்று தோன்றும்.

இனி அந்தச் சந்தா மென்பொருள். டிரைவர் அப்டேட்டர்கள் எல்லாம் ஒரே சூத்திரத்தில் ஓடுகின்றன. ஸ்கேன் செய்வார்கள், முப்பது டிரைவர் பழசு என்று சிவப்பில் காட்டுவார்கள், சரிசெய்யப் பணம் கேட்பார்கள். பழசு என்பது கோளாறு அல்ல. உங்கள் கார்டுக்குப் பழைய வரிசைதான் மருந்து. “புதியதே நல்லது” என்ற ஒரே விதியில் ஓடும் மென்பொருள் உங்களுக்கு உதவாது, சவுண்டு, வைஃபை டிரைவர்களையும் சேர்த்துக் கெடுத்துவைக்கும். தேடுபொறியில் டிரைவர் பெயரைப் போட்டால் மேலே வரும் விளம்பரங்களும் பெரும்பாலும் இதே கும்பல்தான். கணினியைத் தொலைவிலிருந்து சரிசெய்கிறேன் என்று தொலைபேசி எண் கொடுக்கும் பக்கங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

புதிய டிரைவரின் பட்டியலில் கார்டு எண்ணைத் தாங்களே எழுதிச் சேர்த்த “மாட்” டிரைவர்களும் சுற்றுகின்றன. பட்டியலைத் தொட்டாலே டிஜிட்டல் கையெழுத்து முறிந்துவிடும், விண்டோஸ் கோட் 52 என்று நிறுத்திவிடும். உடனே கையெழுத்துச் சோதனையையே அணைக்கச் சொல்வார்கள். அணைத்தால் நாளை எந்தக் குப்பையும் டிரைவர் வேடத்தில் உள்ளே வரலாம்.

580 வரிசையைச் சரியாகப் போட்ட பிறகும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் கோட் 43 என்ற பிழையும் வந்தால், கார்டை யாரிடம் வாங்கினீர்கள் என்று யோசியுங்கள். பழைய, மலிவான கார்டின் பயாஸை (கார்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை நிரலை) மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 என்று பெயர் சூட்டி விற்பது நெடுநாள் மோசடி. விற்பவர் தரும் டிரைவரில் மட்டும் ஓடும், அசல் டிரைவர் வந்ததும் குட்டு உடையும். “டிரைவரை அப்டேட் செய்யாதீர்கள்” என்று விற்றவர் சொல்லியிருந்தால் சந்தேகமே வேண்டாம். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இப்படிப்பட்ட பல போலிகளைப் பெயருக்கு முன்னால் “ஃபேக்” என்று போட்டே காட்டிக்கொடுக்கும். கிரிப்டோ சுரங்க வேலைக்காக பயாஸ் மாற்றப்பட்ட ஏஎம்டி கார்டுகளும் இதே போல அசல் டிரைவரில் முரண்டு பிடிக்கும். அவற்றில் அசல் பயாஸைத் திரும்பப் போட்டால் பெரும்பாலும் சரியாகும்.

மேலே சொன்ன எல்லாம் டெஸ்க்டாப்புக்கு. லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்தால் சிக்கல். பெரும்பாலான லேப்டாப்களில் இரண்டு கிராபிக்ஸ் இருக்கின்றன. ஒன்று பிராசஸருக்குள் இருக்கும் இன்டெல் அல்லது ஏஎம்டி, மற்றது என்விடியா. லேப்டாப்பின் திரை பொதுவாக முதலாவதோடுதான் இணைந்திருக்கும். என்விடியா படத்தை வரைந்து அதனிடம் கொடுக்கும், திரைக்கு அனுப்புவது அதுவே. ஆகவே ரெசல்யூஷன் போய்விட்டது, பிரைட்னஸ் பொத்தான் வேலை செய்யவில்லை என்றால் என்விடியா டிரைவரைக் கட்டி அழுது பயனில்லை. குற்றவாளி இன்டெல் பக்கம். டிவைஸ் மேனேஜரில் இரண்டு பெயர்கள் இருக்க வேண்டும். அதில் எது பேசிக் டிஸ்ப்ளே அடாப்டராக மாறியிருக்கிறது என்று பாருங்கள். லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து, முதலில் பிராசஸர் கிராபிக்ஸ் டிரைவரைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதன் பிறகே என்விடியா. வரிசை மாறினால் என்விடியா டிரைவர் ஏறியும் ஏறாததுபோல நிற்கலாம். தயாரிப்பாளர் தளத்தில் இருப்பது பழசாகத்தான் இருக்கும், பரவாயில்லை. அந்த மாடலின் பொத்தான்கள், வெளி மானிட்டர் இணைப்பு எல்லாவற்றுக்கும் ஒத்துப்போவது அதுதான். இன்னொன்று, என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்தால் “என்விடியாவோடு இணைந்த திரையை நீங்கள் பயன்படுத்தவில்லை” என்ற பொருளில் ஒரு செய்தி வரும். லேப்டாப்பில் அது கோளாறே இல்லை, அமைப்பே அப்படி. அதைக் காட்டி மதர்போர்டு மாற்றச் சொன்ன ஆட்களும் உண்டு. டெஸ்க்டாப்பில் அதே செய்தி வந்தால் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறது என்று அர்த்தம்.

ஏஎம்டிக்காரர்களுக்குச் சுருக்கமாக: எச்டி 7000 முதல் ஆர்9 ஃபியூரி வரையான கார்டுகளுக்கு 2021-லேயே வழக்கமான டிரைவர் ஆதரவு நின்றுவிட்டது. தளத்தில் மாடலைத் தேர்ந்தெடுத்துக் கடைசிப் பதிப்பை எடுங்கள். விண்டோஸ் அப்டேட் டிரைவரை மாற்றிவிட்டது என்று ஏஎம்டி மென்பொருளே எச்சரித்தால், அதே கோப்பைத் திரும்பப் போட்டாலே போதும்.

விண்டோஸ் 10-க்கே திரும்பலாமா என்று நினைக்க வேண்டாம். மாறிய 10 நாளுக்குள் செட்டிங்ஸில் ரெக்கவரி, கோ பேக் வழியாகத் திரும்ப முடியும்தான். ஆனால் 2025 அக்டோபர் 14-லேயே ஆதரவு முடிந்த சிஸ்டத்துக்கு, ஒரு டிரைவருக்காகத் திரும்புவதில் அர்த்தமில்லை. முதலில் ஆப்ஷனல் அப்டேட்ஸைத் திறந்து பாருங்கள். அதில் இல்லாவிட்டால் 58-ல் தொடங்கும் கோப்பு. சர்வீஸ்காரர் இன்னும் கார்டு போச்சு என்று சொன்னால், பயாஸ் திரையில் பழுது எங்கே தெரிகிறது என்று காட்டச் சொல்லுங்கள்.