ஜோசபின் பட்லர் பற்றிக் கேட்டீர்கள்

கேள்வி: ஜோசபின் பட்லர் எதிர்த்தது பால்வினை நோயைத் தடுக்கும் சட்டத்தைத்தானே? அதில் எதிர்க்க என்ன இருக்கிறது?

பதில்: ஜோசபின் பட்லர் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அந்தச் சட்டத்தை எதிர்த்துப் போராடியவர். சட்டத்தின் பெயர் தொற்றுநோய்ச் சட்டம்தான். 1864, 1866, 1869 என்று மூன்று முறை வந்து, ஒவ்வொரு முறையும் கடுமையானது. படைவீரர்களுக்கு நோய் வருகிறது என்பதுதான் காரணம். ஆனால் பரிசோதனை வீரர்களுக்கு இல்லை. துறைமுகங்களிலும் ராணுவ ஊர்களிலும் சாதாரண உடையில் சுற்றும் போலீஸ்காரர் ஒரு பெண்ணை விலைமாது என்று சந்தேகப்பட்டால் போதும். இரும்புக் கருவி கொண்டு அவள் உடலுக்குள் சோதிப்பார்கள். மறுத்தால் சிறை. நோய் இருந்தால் மாதக்கணக்கில் மருத்துவமனையில் பூட்டிவைப்பார்கள். விலைமாது யார் என்று சட்டம் விளக்கவே இல்லை. அதனால் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் ஏழைப் பெண் யாரும் மாட்டலாம். நோய் இரண்டு பேரிடம் இருக்க, ஒருத்தியை மட்டும் பிடித்து அடைத்தால் அது எப்படி ஒழியும்? மருத்துவமாகப் பார்த்தாலும் அது உதவாத சட்டம்தான்.

கேள்வி: வசதியான வீட்டுப் பெண் இதில் எப்படி வந்தார்?

பதில்: துக்கத்தில் தொடங்கியது. 1864-ல் சின்ன மகள் ஈவா வீட்டு மாடிப்படியின் கைப்பிடிக்கு மேலிருந்து விழுந்து இறந்துபோனாள். 1866-ல் குடும்பம் லிவர்பூலுக்கு மாறியது. பாதிரியாரான கணவர் ஜார்ஜ் அங்கே லிவர்பூல் கல்லூரி என்ற பள்ளியில் தலைமை ஆசிரியர். தன்னைவிட வேதனைப்படுகிறவர்களைத் தேடி ஜோசபின் பிரவுன்லோ ஹில் ஏழைகள் விடுதிக்குப் போனார். அங்கே பெண்கள் தார் ஊறிய பழைய கப்பல் கயிற்றை விரலால் பிய்த்து நாராக்குவார்கள். இவரும் தரையில் உட்கார்ந்து பிய்த்தார், வரவில்லை. அவர்கள் சிரித்தார்கள், அப்புறம் பேச ஆரம்பித்தார்கள். சிலரை வீட்டுக்கே அழைத்துவந்து வைத்துக்கொண்டார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த இடம் இதுதான். மேடை ஏறுமுன் அந்தப் பெண்களோடு தரையில் உட்கார்ந்தவர் அவர்.

கேள்வி: அடி, உதை வாங்கினார் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உயிருக்கே ஆபத்து வந்தது. 1872-ல் பான்டிஃப்ராக்ட் என்ற ஊரில் இடைத்தேர்தல். இந்தச் சட்டத்தோடு தொடர்புடைய அமைச்சர் சில்டர்ஸ் வேட்பாளர். அவருக்கு எதிரான பெண்கள் கூட்டத்துக்கு வேறு இடம் கிடைக்காமல், ஏணி வழியே ஏறும் வைக்கோல் பரணில் கூட்டம் நடத்தினார் பட்லர். கீழே வைக்கோல் கட்டுகளுக்குத் தீ வைத்தார்கள். பலகை இடுக்குகள் வழியாகப் புகை மேலே வந்தது. ஆண்கள் கூட்டமாக ஏறிவந்து மிரட்டினார்கள். போலீசார் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள். பட்லர் எப்படியோ தப்பினார். சில்டர்ஸ் ஜெயித்தார், ஆனால் முன்பைவிடக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில்.

கேள்வி: சட்டம் எப்போது போனது?

பதில்: 1883-ல் கட்டாயப் பரிசோதனை நிறுத்தப்பட்டது, 1886-ல் சட்டமே நீக்கப்பட்டது. நடுவில் 1885-ல் பெண்களின் சம்மத வயது 13-லிருந்து 16 ஆனதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

கேள்வி: அதே சட்டம் இந்தியாவிலும் இருந்ததா?

பதில்: இருந்தது, 1868 முதல். 1888-ல் நீக்கியதாகச் சொன்னார்கள். ஆனால் கன்டோன்மென்ட்களில், அதாவது ராணுவக் குடியிருப்புகளில், முன்பிருந்த முறையே தொடர்ந்தது. பட்லர் இந்தியா வந்ததில்லை. அவர் கேட்டுக்கொண்டதால் எலிசபெத் ஆண்ட்ரூ, கேத்தரின் புஷ்னெல் என்ற இரண்டு அமெரிக்கப் பெண்கள் வந்து, கன்டோன்மென்ட் கன்டோன்மென்டாகப் போய் அங்கிருந்த பெண்களிடமே பேசினார்கள். 1893-ல் லண்டனில் விசாரணைக் குழுமுன் சாட்சி சொன்னார்கள். ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: இந்தியப் பெண்களைத் தாங்கள்தான் காப்பாற்ற வேண்டியவர்களாகவே அவர்கள் பார்த்தார்கள், அந்தப் பெண்கள் இயக்கத்தில் பங்காளிகள் ஆகவில்லை. ஆனால் சாட்சி உண்மையானது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று முதலில் மறுத்த இந்தியாவின் முன்னாள் தலைமைத் தளபதி ராபர்ட்ஸ், பிறகு அந்த இரண்டு பெண்களிடமும் மன்னிப்புக் கேட்டார்.